மாமரத்தடிக்கு எது? கனகாம்பரமா, செங்காந்தளா, நீலாம்பரியா?

மரத்தடியில் ஒன்றும் பூக்காது என்று அங்கே சிமெண்ட் பூசிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நம் காடுகளில் நிழலுக்கென்றே பழகிய பூச்செடிகள் இருக்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்தது கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் தாயகம். வேம்பு, தென்னை போல வெயில் சிதறி விழும் நிழல் கிடைத்தால் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். தொடுத்தால் எளிதில் வாடாது. அடர்ந்த நிழலில் பூ குறைந்துவிடும். வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான நூற்புழு புகுந்தால் செடி மஞ்சளித்துக் குன்றும். வாங்கும்போது நாட்டு வகையைக் கேட்டு வாங்குங்கள். டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிக்காது, தண்டு வெட்டித்தான் பெருக்க வேண்டும். நாட்டு வகையின் முற்றிய காய் ஈரம் பட்டதும் வெடித்து விதையைச் சிதறடிக்கும். மரத்தடியில் தானாகவே பரவும்.

செங்காந்தளின் அழகுக்கு இணை இல்லை. பச்சையும் மஞ்சளுமாக விரிந்து சிவந்து எரியும் அந்தப் பூ தமிழ்நாட்டின் மாநில மலர். ஆனால் அது காட்டு விளிம்பின் கொடி. அடி நிழலிலும் தலை வெயிலிலும் இருக்க வேண்டும், எனவே வேலியோரமே அதற்கு ஏற்ற இடம். கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும். கிழங்கு முதல் விதை வரை கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு. சிறு குழந்தைகளோ ஆடு மாடோ இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். காட்டில் தோண்டிய கிழங்கையும் வாங்காதீர்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் மருந்துக்குப் பயன்படும் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள்.

மாமரத்தின் அடர் நிழலுக்கு என் தேர்வு நீலாம்பரி. கனகாம்பரத்தின் உறவுச்செடிதான். பச்சைக் கதிரிலிருந்து வெளிறிய மயில்நீலத்தில் பூக்கள் எட்டிப் பார்க்கும். அந்த நிறம் நம் தோட்டங்களில் வேறெந்தப் பூவிலும் எளிதில் கிடைக்காது. புதர்க்காட்டுச் செடி என்பதால் வேரூன்றிய பிறகு வறட்சியையும் தாங்கும். பூச்சந்தையில் விலைபோகாததால் நர்சரிகளில் அரிதாகவே கிடைக்கிறது. வளர்ப்பவரிடம் ஒரு தண்டு கேட்டு வாங்கினால் போதும், எளிதில் வேர்விடும்.

மழை தொடங்கும்போது நடுங்கள். மாமரத்தின் மேல்வேர்களை வெட்டாமல் சிறு குழியாகத் தோண்டி, உதிர்ந்த சருகை அப்படியே மூடாக்காக விட்டுவிடுங்கள்.