மணல் பையா, மர அச்சா?

வீட்டிலேயே குட்டி விமானம் கட்ட பேட்டைப் பக்கம் ஷெட் பிடித்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, அலுமினியத் தகட்டை எதில் வைத்துத் தட்ட?"

செலவு: பைக்குத் தடித்த தோலும் சலித்த மணலும் போதும். (ஆற்று மணல் இப்போது குதிரைக்கொம்பு, அது வேறு கதை.) அச்சுக்கு நல்ல தேக்கும் ஆசாரி கூலியும்.

வேலை: பையில் கொட்டாப்புளி அடி கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அச்சில் அப்படியில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே தகட்டை இறுக்கி விளிம்பை மடக்கினால் எல்லா விலாவும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) ஒரே அளவு. மடக்கிய தகடு சற்றே திரும்பி நிமிரும். அதனால் அச்சின் பக்கத்தை 3 முதல் 5 பாகை உள்சாய்வாகச் செதுக்குங்கள். அச்சின் விளிம்பைக் கூராக விட்டால் 2024-டி3 (விமானத்துக்கான கடினமான அலுமினியக் கலவை) தகடு விரிசல் விடும், விளிம்பை உருண்டையாக மழுக்கிவிடுங்கள். வளைவில் சுருக்கம் விழும் இடத்தில் குறடால் சிறு மடிப்புகள் வைத்தால் விலா நேராகும்.

தகடு: பைக்கு 3003 போன்ற மெத்தென்ற இனம். தட்டத் தட்ட இறுகும். சோப்பு தடவி, அது கறுக்கும்வரை சூடு காட்டினால் மறுபடி இளகும். 2024-டி3யில் இதைச் செய்யாதீர்கள், பலம் போய்விடும்.

சரி, இறக்கை விலாவுக்கு அச்சு. சக்கர மூடிக்கும் இறக்கை நுனிக்கும் பை. தம்பி இப்போதைக்குத் தேக்குக் கட்டை தேடுகிறார்.