பஃபலோ வானிலைக்கு வெதர்.கவ் போதுமா?

நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவில் குளிர்காலத்தைக் கைபேசியோடு வரும் வானிலைச் செயலியை நம்பி ஓட்ட முடியாது. ஊர் முழுவதற்கும் ஒரே பனிப்படம், ஒரே வாய்ப்புச் சதவீதம் என்று அது காட்டும். 2014 நவம்பரில் தெற்குப் புறநகர்களில் ஐந்தடிக்கு மேல் பனி குவிந்தது. சில மைல் வடக்கே போனால் சில அங்குலம்தான். இப்படிப்பட்ட ஊருக்கு ஒற்றைப் படத்தால் என்ன பயன்?

எல்லாம் ஈரி ஏரியின் வேலை. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சுமார் 240 மைல் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கு முனையில் நகரம். நீளவாக்கில் குளிர்காற்று வீசினால் வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வந்து ஒரு குறுகிய பட்டையாகக் கொட்டும். நீரின் மேற்பரப்புக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரக் காற்றுக்கும் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் லேக் எஃபெக்ட் பனிக்கு, அதாவது இப்படி ஏரியால் விழும் பனிக்கு, தயார் என்று கணக்கு. ஆழம் குறைந்த ஏரி என்பதால் சீக்கிரம் உறையும். உறைந்துவிட்டால் இந்தப் பனி பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால்தான் நவம்பரும் டிசம்பரும் மோசம்.

இதைச் சரியாகக் கையாளும் சேவை அமெரிக்க அரசின் வெதர்.கவ். காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஊர்ப் பெயரைப் போட்டதும் வரும் பக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. பக்கத்திலிருக்கும் வரைபடத்தில் உங்கள் வீடு இருக்கும் இடத்தைச் சொடுக்குங்கள். இரண்டரை கிலோமீட்டர் கட்டத்துக்கான கணிப்பு வரும். தெற்குப் புறநகரான ஹாம்பர்க்குக்கு ஒன்று, வடக்குப் புறநகரான ஆம்ஹெர்ஸ்டுக்கு வேறொன்று. மணிவாரி வரைபடத்தில் காற்றின் வேகம், திசை, பனி அளவு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.

உண்மையான சரக்கு இருப்பது ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன் என்ற பகுதியில். விமான நிலையத்தில் இருக்கும் பஃபலோ அலுவலகத்தின் முன்கணிப்பாளர்கள் தங்கள் சந்தேகங்களையும் சேர்த்து எழுதுவது அது. அதில் காற்றின் திசையைத் தேடுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதை டிகிரியில் சொல்வார்கள்; 180 தெற்கு, 270 மேற்கு. 250 டிகிரியை ஒட்டி இருந்தால் பட்டை நகரத்தின் மேல். எண் குறைந்தால் வடக்கே நயாகரா பக்கம் நகரும், கூடி 270ஐத் தாண்டினால் தெற்கு மலைப்பகுதிக்கு இறங்கும். பத்து டிகிரி பிசகினால் யார் வீட்டு வாசலில் மண்வாரி தேவை என்பதே மாறிவிடும். 2022 டிசம்பர் புயலைத் 'தலைமுறைக்கு ஒருமுறை' வருவது என்று இந்த அலுவலகம் முன்கூட்டியே எழுதியது. விமான நிலையத்தில் 51.9 அங்குலம் விழுந்தது.

குறைகளும் உண்டு. பஃபலோ இருக்கும் ஈரி கவுண்டிக்கு (மாவட்டம்) வடக்கு, தெற்கு என்று இரண்டே எச்சரிக்கை மண்டலங்கள். பட்டை ஒரு மூலையைத் தொட்டாலும் வரைபடத்தில் மண்டலம் முழுக்க எச்சரிக்கை நிறத்துக்கு மாறும். நான்கு முறை ஏமாந்தவர் ஐந்தாவது முறை கண்டுகொள்ள மாட்டார். ரேடாரும் தூரத்தில் ஏமாற்றும். லேக் எஃபெக்ட் மேகங்கள் தாழ்வானவை, கதிர் அவற்றின் தலைக்கு மேலே போய்விடும். திரை காலியாக இருக்கும், வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். டிஸ்கஷனில் விமானப் போக்குவரத்துக்கான பகுதியில் இசட் என்று முடியும் நேரம் உலகப் பொது நேரம்; உள்ளூர் நேரம் வேண்டுமென்றால் அதிலிருந்து குளிர்காலத்தில் ஐந்து மணி நேரம், கோடையில் நான்கு கழிக்க வேண்டும். ஆறாம் ஏழாம் நாள் கணிப்பில் பட்டை எங்கே விழும் என்பதை எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தின் தோற்றம் பழசு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கரையோரத்தில் வீடு இருந்தால் லேக்‌ஷோர் ஃப்ளட் எனும் ஏரிக்கரை வெள்ள எச்சரிக்கையையும் பாருங்கள். பலத்த தென்மேற்குக் காற்று ஏரி நீரைப் பஃபலோ முனைக்குத் தள்ளும்போது சில மணி நேரத்தில் மட்டம் பல அடி ஏறும். கரையை ஒட்டிய ஐந்தாம் எண் சாலையை அப்போது மூடுவது வழக்கம்.