சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதா, வேலை நாளைக் குறைத்துக் கேட்பதா?

என் தங்கை சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய் வாங்குகிறாள். கிராமப்புறக் கல்விக்காக உழைக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று 12 லட்சத்துக்கு அவளை அழைத்திருக்கிறது. "சேவை செய்யப் போகிற இடத்தில் பேரம் பேசலாமா, அக்கா?" என்று கேட்டாள். தாராளமாகப் பேசலாம். கூச்சப்பட்டுக்கொண்டு கொடுத்ததை வாங்கிச் சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே வீட்டுச் செலவு தாங்காமல் விலகியதைப் பார்த்திருக்கிறேன். அது அந்த நிறுவனத்துக்கும் நட்டம்தான்.

முதலில் இழப்பு எவ்வளவு என்று பார்த்தோம். மூன்று லட்சம் என்று பயந்திருந்தாள். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவைச் சேர்த்தால், 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரி இல்லை. 15 லட்சத்துக்கோ செஸ் என்னும் கூடுதல் வரி உட்பட 97,500 ரூபாய் வரி. ஆக, வருங்கால வைப்புநிதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கையில் குறைவது ஆண்டுக்கு 2,02,500 ரூபாய், மாதத்துக்கு 16,875.

முதல் வழி, சம்பளத்தைக் கூட்டிக் கேட்பது. பாதி தூரமாவது வரட்டுமே என்று 13.5 லட்சம் கேட்க நினைத்தாள். அந்தத் தொகைக்கு வரி 74,100 ரூபாய். கையில் நிற்பது 12,75,900. 12.75 லட்சம் என்று கேட்டிருந்தால் அது முழுதாகவே கைக்கு வரும். அதாவது, நிறுவனம் கூடுதலாகத் தரும் 75,000 ரூபாயில் அவளுக்கு மிஞ்சுவது வெறும் 900 ரூபாய்! பள்ளிப் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணத்தை இப்படிக் கரைக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்பதானால் 12.75 லட்சத்தோடு நிறுத்துவதே சரி.

கேட்குமுன் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: இந்தச் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது? வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டு நன்கொடையில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிட முடியாது. முன்பு 50 சதவீதம் வரை இடம் இருந்தது. பள்ளி ஆசிரியரின் சம்பளம் அந்த வரம்புக்குள் வராது. கணக்கு எழுதுகிறவரின் சம்பளம் வரும். எனவே வெளிநாட்டு நிதியை நம்பி நடக்கும் இடத்தில் "முடியாது" என்று சொன்னால், அதைக் கஞ்சத்தனமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சட்டம் அவர்கள் கையைக் கட்டியிருக்கலாம்.

ஆலோசகராக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தொகையைக் கூட்டிக்கொள்வது இன்னொரு வழி. வரியில் சில சலுகைகள்கூடக் கிடைக்கலாம். ஆனால் தரும் தொகையில் பத்து சதவீதத்தை வரிக்காக முன்னதாகவே பிடித்துக்கொள்வார்கள். வைப்புநிதி கிடையாது, சம்பளத்துடன் விடுப்பு கிடையாது, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. வீட்டுக்கடன் கட்டுகிறவளுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

நான் அழுத்திச் சொன்னது மூன்றாவது வழியை: அதே 12 லட்சம், வாரத்துக்கு நான்கு நாள் வேலை. 15 லட்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு 12 லட்சம்தானே? அவளுடைய ஒரு நாள் உழைப்பின் விலை ஒரு பைசாகூடக் குறையவில்லை. நிறுவனத்துக்கும் நிதித்திட்டத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டாம். ஐந்தாம் நாளில் வெளியில் கணக்கு வேலை பார்த்து, அதற்கான வரி போக மாதம் பதினாறாயிரம் மிஞ்சினால் இழப்பு ஏறக்குறைய ஈடாகிவிடும். (வெளிவேலைக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.)

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. தொண்டு நிறுவனங்களில் ஆட்கள் குறைவு, வேலை அதிகம். நான்கு நாள் என்று வாய்ப்பேச்சாக விட்டால் தணிக்கை நேரத்தில் ஆறு நாளாகிவிடும். எந்த நாள் விடுப்பு, மார்ச் மாதத்தில் கூடுதலாக வந்தால் ஈடு எப்போது, சம்பளம் எந்த மாதம் மறுபரிசீலனைக்கு வரும் என்ற மூன்றும் நியமனக் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

நேற்றிரவு அந்த மூன்றையும் எழுதி அனுப்பிவிட்டாள். விடுப்பு நாளாகக் கேட்டிருப்பது புதன்கிழமையை.