கனமான ஆளுக்கு முன் ஃபோர்க்: ஆயிலா, ஸ்பிரிங்கா, கார்ட்ரிட்ஜா?

நூறு கிலோவைத் தொட்டுக்கொண்டிருக்கும் உடம்பு எனக்கு. பூட்ஸ், ஹெல்மெட், கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்தால் இன்னும் பத்து கிலோ. இத்தனையோடு ஹோண்டா சிஆர்எஃப் 300எல் பைக்கில் ஏறி மலேசியாவின் ஜொகூர் செம்பனைத் தோட்டத்துக்குள் போனால், பிரேக்கைத் தொட்டதுமே முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்து மேடுபள்ளத்தில் அமுங்கி எழும் இரட்டைக் குழாய், அடிவரை போய்விடுகிறது. 43 மி.மீ. ஷோவா ஃபோர்க், 260 மி.மீ. அசைவு, எண்களில் குறையில்லை. ஆனால் வெளியிலிருந்து திருகிச் சரிசெய்ய ஒன்றுமே கிடையாது. எதுவானாலும் ஃபோர்க்கைத் திறந்தாக வேண்டும். திறப்பதென்று ஆகிவிட்டால் மூன்று வழி: தடித்த ஆயில், கனமான (அமுக்கக் கடினமான) ஸ்பிரிங், இல்லையேல் உள்ளே அசைவைக் கட்டுப்படுத்தும் அமைப்பையே மாற்றும் கார்ட்ரிட்ஜ். நான் போட்டது கனமான ஸ்பிரிங், என் கட்சியும் அதுதான்.

மலிவான வழி, தடித்த ஆயிலும் ஸ்பிரிங்குக்கு மேலே அதை அமுக்கி வைக்க ஒரு ஸ்பேசரும் (சிறு குழாய்த் துண்டு). "அண்ணே, 15 டபிள்யூ ஊத்திடலாம், கல்லு மாதிரி நிக்கும்" என்றார் ஒர்க்‌ஷாப் தம்பி. நிற்காது. 15 டபிள்யூ என்பது ஆயிலின் தடிப்பைச் சொல்லும் எண்; ஆயில், ஃபோர்க் அசையும் வேகத்தைத்தான் குறைக்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். தடித்த ஆயிலில் ஃபோர்க் திரும்ப எழுவதும் மெதுவாகிவிடும். லாரி ஓடி அலை அலையாகக் கிடக்கும் செம்மண் பாதையில், ஒரு மேட்டில் அமுங்கியது எழுவதற்குள் அடுத்த மேடு வந்து இடிக்கும். நாலைந்து மேடு தாண்டினால் அமுங்க இடமே இருக்காது, மணிக்கட்டு விண்ணென்று வலிக்கும்.

சந்தேகமிருந்தால் அளந்து பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பைக் தன் எடையில் எவ்வளவு அமுங்குகிறது, முழு உடுப்போடு நீங்கள் ஏறினால் எவ்வளவு என்று பாருங்கள். ஆள் ஏறியபின் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வர வேண்டும். 260-க்குச் சுமார் 65 முதல் 85 மி.மீ. ஸ்பேசர் வைத்தே அதை வரவழைத்துவிடலாம். ஆனால் அப்போது ஆளில்லாத பைக் துளியும் அமுங்காமல் விறைத்து நின்றால், அந்த ஸ்பிரிங் உங்களுக்குப் போதாது. ஸ்பேசர் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான், கடினமாக்குவதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஃபோர்க் ஆயில் தேய்மானத் தூள் கலந்து கறுக்கும், நாளாக நாளாக நீர்த்துப்போகும். மாற்றும்போது அதே இறுக்கம் வேண்டுமென்றால் அதே பிராண்டைத் தேட வேண்டும். ஒரு கம்பெனியின் 10 டபிள்யூ இன்னொரு கம்பெனியின் 10 டபிள்யூ போல ஓடாது. ஆயிலை நம்பியவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஸ்பிரிங் போட்டவருக்கு ஆயில் மாற்றம் வெறும் ஆயில் மாற்றம். அடுக்குமாடி புளோக் கார்பார்க்கில் உட்கார்ந்து ஃபோர்க்கைப் பிரிக்கவா முடியும்? ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப் கூலிதான். கனமான ஸ்பிரிங் வேகமாக எழும் என்பதால் ஆயிலையும் ஒரு படி தடிப்பாக்க வேண்டியிருக்கலாம். அது ஒருமுறை வேலை.

பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றான சிஓஇ 10 வருடம். நடுவில் விற்க நேர்ந்தால் வாங்க வருபவர் அறுபது கிலோ ஆளாக இருக்கலாம்.

கார்ட்ரிட்ஜ் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நண்பரின் பைக்கில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. அமுங்குவதையும் எழுவதையும் தனித்தனியாகத் திருகி வைக்கலாம், சுகமாகத்தான் இருந்தது. விலையோ ஸ்பிரிங்கைப் போலப் பல மடங்கு. அதிலும் எடைக்கேற்ற ஸ்பிரிங் இல்லாவிட்டால் பிரயோசனமில்லை. வாரக்கடைசியில் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு முதல் செலவு அதுவல்ல என்பது என் எண்ணம்.

முன்னால் மட்டும் மாற்றிப் பின்சக்கரத்தின் ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டால் வால் தாழ்ந்து, திருப்பத்தில் முன்சக்கரம் வெளியே ஓடும். இரண்டுக்கும் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள். கடைக்காரர் எடை கேட்டால், கவசத்தோடா வெறும் உடம்பா என்று கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். அந்தப் பத்து கிலோவில் ஸ்பிரிங் ஒரு அளவு மாறிவிடும்.