கேரம் போர்டில் எதைத் தூவுவது: போரிக்கா, முகப்பவுடரா, மைதாவா, உருளைக்கிழங்கு மாவா?

நேராகப் போன காய் பாக்கெட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டால் உடனே விரலைத்தான் குறை சொல்கிறோம். பல நேரம் குறை பலகை மேல்தான் இருக்கிறது. கையில் கிடைத்த பவுடரையெல்லாம் தூவிப் பல வருடம் ஆடிய வீடு எங்களுடையது, அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் சின்னக் கணக்கு. சறுக்கிப் போகும் காயை நிறுத்துவது முக்கியமாக உராய்வுதான். காய் எவ்வளவு தூரம் போகும் என்பது அது கிளம்பும் வேகத்தையும் உராய்வுக் குணகத்தையும் (பரப்பு காயை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று சொல்லும் எண்) பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும், உராய்வு பாதியானால் தூரம் இரண்டு மடங்காகும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கிளம்புகிற காய், குணகம் 0.2 என்றால் சுமார் 1 மீட்டர் போகும், 0.1 என்றால் 2 மீட்டர். ஆடும் பரப்பு 74 செ.மீ.தான், அதனால் இந்த வித்தியாசத்தில்தான் ஆட்டமே மாறுகிறது.

இந்தக் கணக்கில் எடை வரவே இல்லை, கவனித்தீர்களா? 15 கிராம் ஸ்டிரைக்கரும் 5 கிராம் காயும் ஒரே வேகத்தில் கிளம்பினால், குணகம் ஒன்றாக இருக்கும்வரை ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் நிற்கும், ஏனென்றால் எடை கூடினால் உராய்வு விசையும் அதே அளவு கூடிவிடுகிறது. கனமான ஸ்டிரைக்கரின் லாபம் மோதும்போதுதான் கிடைக்கிறது. மூன்று மடங்கு எடையுள்ள ஸ்டிரைக்கர் ஆற்றல் வீணாகாமல் நேருக்கு நேர் அடித்தால், காய் ஸ்டிரைக்கரின் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கில் பறக்கும்!

சரி, பவுடருக்கு வருவோம்.

மைதாவை முதலிலேயே தள்ளிவிடலாம். முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் கை வியர்வையும் காற்றின் ஈரமும் சேர்ந்து காயின் அடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், கூடவே எறும்பு வரும். அரிசி மாவு வீட்டில் அரைத்ததென்றால் நறநறவென்று இருக்கும், பாலிஷுக்கும் கெடுதல்.

முகப்பவுடர் பரவாயில்லை. அதில் இருக்கும் டால்க், கனிமங்களிலேயே மிக மென்மையானது, அடுக்கடுக்கான அமைப்பு, ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் எளிதில் வழுக்கும். ஆனால் வாசனைக்காகவும் சருமத்தில் ஒட்டுவதற்காகவும் சேர்க்கும் பொருட்கள் காயிலும் ஒட்டுகின்றன. நாலு ஆட்டம் ஆடிவிட்டு ஸ்டிரைக்கரைத் திருப்பிப் பாருங்கள், விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படிந்திருக்கும்.

போரிக் பவுடர்தான் நம் ஊரில் ராஜா, ஆட்டத்துக்கு மட்டும் பார்த்தால் என் ஓட்டும் அதற்கே. இதன் படிகமும் அடுக்கடுக்கானது, அடுக்குகளுக்கு இடையே பிணைப்பு பலவீனம், அதனால் சீட்டுக்கட்டு சரிவது போல நழுவும். மெல்லிசாகத் தூவினால் நின்றிருக்கும் காயை லேசாகத் தொட்டாலே நகரும், காயின் ஓரத்தில் உரசித் திருப்பும் கட் ஷாட் ஆடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். 15 கிராம் ஸ்டிரைக்கரை முழு பலத்தோடு சுண்டினால் பலகையில் இங்குமங்குமாக மூன்றரை முறை ஓடுகிற அளவுக்குப் பலகை வழவழப்பாக இருக்க வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கிறது. என் கைக்கு இதில்தான் அந்த ஓட்டம் கிடைத்தது. ஆனால் கரப்பான்பூச்சிக்கு உருண்டை பிடித்து வைக்கிறோமே, அதே பொருள்தான் இது, வயிற்றுக்குள் போகக் கூடாது. ஆடி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும், பஜ்ஜித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடவே கூடாது.

விரலை வாயில் வைக்கும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு உருளைக்கிழங்கு மாவுதான் என் தேர்வு. அரிசி மாவுச்சத்தின் துகள்கள் மிகச் சிறியவை, கோணல்மாணலானவை. உருளைக்கிழங்கினுடையது பெரிதாக, முட்டை வடிவத்தில் வழவழவென்று இருக்கும். போரிக் அளவுக்கு எனக்கு ஓட்டம் கிடைக்கவில்லை, ஈரத்தையும் சீக்கிரம் இழுக்கிறது, ஆனாலும் நிம்மதியாக ஆடலாம்.

எதைத் தூவினாலும் கொஞ்சமாகத் தூவுங்கள். குவியலாகக் கிடந்தால் காய் பவுடரை உழுதுகொண்டே போய் வேகத்தை இழந்துவிடும்.

இரண்டு பவுடரை ஒப்பிட வேண்டுமென்றால் சுலபமான வழி இருக்கிறது. பலகையில் காயை வைத்து ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள், காய் சறுக்கத் தொடங்கும் நொடியில் நிறுத்தி உயரத்தை அளந்து, அதைத் தரையோடு இருக்கும் நீளத்தால் வகுத்தால் அதுதான் நிலை உராய்வுக் குணகம், அதாவது நின்றிருக்கும் காயை நகரவிடாமல் பிடிக்கும் உராய்வின் அளவு. மழைக்கால சாயங்காலத்தில் ஒரு தடவை, பலகைக்கு மேல் குண்டு பல்பை அரைமணி நேரம் எரியவிட்டு இன்னொரு தடவை அளந்து பாருங்கள். கிளப்புகளில் அந்த பல்பு ஏன் அவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்பதற்கு, வெளிச்சம் தவிர இன்னொரு காரணமும் தெரியும்.