கல்லடிப் பக்கத்து ராக்கடை: கொத்து சூப்பர், சம்பளக் கணக்குத்தான் இடிக்குது

கொழும்பு நைட் பஸ்ல வந்து மட்டக்களப்பில இறங்கினா விடிய 4 மணி, ஆட்டோக்காரரும் நித்திரை வீட்டுக்காரரும் நித்திரை, கல்லடிப் பாலத்தத் தாண்டி லைட் எரியிற கடை எண்டா எனக்குத் தெரிஞ்சு இது ஒண்டுதான். பேர் போடல்ல, ஏனெண்டு கீழ வாசிச்சா விளங்கும்.

முட்டைக் கொத்து 10க்கு 9. ரொட்டி பழசில்ல, குழம்பக் கடைசியிலதான் ஊத்துறாங்க அதால சொதசொதப்பு இல்ல, இஞ்சிப் பிளேன்டீயும் சுள்ளெண்டு. அந்த நேரத்தில பிட்டு மட்டும் கேட்டுராதீங்க, பின்னேரம் அவிச்சது, கல்லு மாதிரி. மட்டக்களப்பில இருந்துகொண்டு பிட்டப் பிழையா விக்கிறதுக்கும் ஒரு துணிவு வேணும்.

போன முறை கொத்துப் போடுற தம்பியோட கதைச்சன். ராவுக்கு நிக்கிற ஆக்களுக்கு நாளுக்கு 600 ரூவா மேலதிகமா, சாப்பாடு ப்ரீ, மாசம் ஒரு லீவும் கூட, விடிய முதலாளிட வேன்ல வீட்ட கொண்டு விடுவாங்களாம். சந்தோசமா இருந்திச்சு. நானும் கொழும்பில ரெண்டு வருசம் நைட் ஷிப்ட் செஞ்சவன், பகல்ல நித்திரை வராது, ஒரு கலியாண வீட்டுக்கும் போக ஏலா, அதுக்குக் குடுக்கத்தானே வேணும்.

மறுகா ஞாயித்துக்கிழம பகல் 12.30க்கு சோத்துப் பார்சல் எடுக்கப் போனன். சனமெண்டா சனம். பார்சல் கட்டுற அக்கா லஞ்ச் சீட்ட விரிச்சு, சோத்தப் போட்டு, பருப்பு, மீன், சம்பல் எண்டு வைச்சு, மடிச்சு, தோள்ல முகத்த ஒத்திக்கொண்டே அடுத்த சீட்ட விரிக்கிறா. பேன் கெஷியர்ட பக்கம் சுத்துது. ஓய்ஞ்ச நேரம் பாத்துக் கேட்டன், உங்களுக்கும் அந்த 600 இருக்கா எண்டு. "அது ராவுக்கு நிக்கிற ஆக்களுக்கு மனே, எங்கள ராவில ஆர் வீட்ட இருந்து அனுப்புவாங்க?" எண்டா. கொத்துத் தம்பியோ 2 மணிக்குப் பிறகு ஆக்கள் குறைவு, கதிரையில சாஞ்சிருவன் எண்டு என்னட்டயே சொன்னவன்.

முதலாளிட்டயும் கேட்டன், மனிசன் கோவிக்கல்ல. "ராவுக்கு ஆள் கிடைக்கிறல்ல தம்பி, பகலுக்கெண்டா நான் நீ எண்டு வருவாங்க." யாவாரக் கணக்கு சரிதான். ஆனா ஆள் கிடைக்காத வேலையும் கஷ்டமான வேலையும் ஒண்டில்ல, அவர் காசு குடுக்கிறது முதலாவதுக்கு மட்டும்.

இதவிடப் பெருசு ஒண்டு இருக்கு. அந்த அக்கா காலம 7க்கு வந்து 5 மணி மட்டும் நிக்கிறா, சாப்பாட்டு நேரத்தக் கழிச்சாலும் 9 மணித்தியாலம். 1954ஆம் ஆண்டு கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில நாளைக்கு 8, கிழமைக்கு 45, அதுக்கு மேல எண்டா ஒன்றரை மடங்கு. அந்தக் காசு கிடைக்குதா எண்டதுக்கு சிரிச்சிட்டு அடுத்த சீட்ட விரிச்சிட்டா. ராவுக்கு விருப்பத்தில குடுக்கிறார், பகலுக்குக் குடுக்க வேண்டியதையே குடுக்கல்ல. 600 ரூவாய நான் பிழை சொல்லல்ல, அத வெட்டவும் வேணாம், பகல் ஆக்களுக்குச் சேர வேண்டியதக் குடுத்திட்டு அதக் குடுங்க.

சாப்பாட்டுக்கு 4 ஸ்டார், மத்ததுக்கு 2. பகல்ல போறாக்கள் பேன பார்சல் கட்டுற பக்கம் திருப்பச் சொல்லுங்க, நான் சொல்லித் திருப்பினாங்க, காசு குடுத்திட்டுத் திரும்பிப் பாத்தா மறுபடி கெஷியர்ட பக்கம்.