‘கிராபிக்ஸ் மோட் போட்டு வேகமாக்கித் தருகிறோம்’ என்பவர்களிடம் மடிக்கணினியை ஒப்படைக்காதீர்கள்

மும்பை கிராண்ட் ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள லேமிங்டன் ரோட்டில், வேகம் குறைந்த பழைய மடிக்கணினிகளில் பெரிய கேம்களை ஓட வைப்பதாகச் சொல்லி, ‘லோ எண்ட் கிராபிக்ஸ் மோட் பேக்’ என்ற பெயரில் ஒரு சிறு கடையில் பணம் வாங்குகிறார்கள். மோட் என்பது, ஒரு கேமின் தோற்றத்தையோ இயக்கத்தையோ மாற்றுவதற்காகப் பிறர் உருவாக்கிச் சேர்க்கும் கோப்பு. என் அக்கா மகன் அங்கே 3,500 ரூபாய் கொடுத்து ஏமாற்றப்பட்டான். போன பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவனுடைய கணினிக்குள் அவர்கள் செய்து வைத்திருந்த வேலைகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலரிடம் இதே போன்ற பழைய மடிக்கணினிகள்தான் இருக்கின்றன. அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக நடந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

அவனிடம் இருந்தது, ஒருவர் பயன்படுத்திய பின் விலைக்கு வாங்கிய மடிக்கணினி. ஏழாம் தலைமுறை கோர் ஐ3, ஒற்றை 4 ஜிபி ராம், பழைய வகை ஹார்டு டிஸ்க், இன்டெல் எச்டி 620 என்னும் உள்ளமைந்த கிராபிக்ஸ். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அவன் ஆட விரும்பியது ஜிடிஏ 5. அந்த கேம் கணினிக்கு வந்தது 2015இல்தான் என்றாலும், அதை வெளியிட்ட நிறுவனமே குறைந்தபட்சத் தேவையாக 4 ஜிபி ராமும் 1 ஜிபி நினைவகம் கொண்ட தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே, வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளில் ஓரளவு சீராக ஓடிய கேம், காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் போனதும் விட்டு விட்டு நகர்ந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கடைக்குள் அவனிடம் பேசியவர் தமிழர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லியிருக்கிறார். “நம்ம ஊர்ப் பையன்னுதான் சொல்றேன் தம்பி, புது லேப்டாப்புக்கு எதுக்குக் காசைக் கொட்டணும்? நாங்க போடுற மோட்ல அறுபது எஃப்பிஎஸ் கியாரண்டி” என்பது அவர் கொடுத்த வாக்கு. எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடிக்குள் திரையில் வரையப்படும் படங்களின், அதாவது ஃப்ரேம்களின், எண்ணிக்கை; அது கூடினால் அசைவு சீராகத் தெரியும். இந்தி பேசும் கடைகளுக்கு நடுவே தமிழில் ஒருவர் அக்கறையாகப் பேசினால் நமக்கு நம்பிக்கை வருவது இயல்பு, அந்த நம்பிக்கையை வைத்தே வியாபாரம் செய்வதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. மாலையில் கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேமைத் திறந்து, ஒரு வீட்டின் உள்ளே கதாபாத்திரத்தை நிறுத்தி, திரையின் மூலையில் 50க்கு மேல் ஓடும் எண்ணைக் காட்டியிருக்கிறார்கள். காரை எடுத்துத் தெருவுக்குப் போய்க் காட்டவில்லை. பணத்தைக் கடையின் பெயரில் வாங்காமல், ஒரு தனிநபரின் யுபிஐ கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பில் தரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் கண்டது வேறு. படம் மங்கலாகவும் எழுத்துகள் கரடுமுரடாகவும் தெரிந்தன. நகரத்துக்குள் பழைய திணறலே நீடித்தது. சிறிது நேரம் ஆடியதும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கேம் மூடிக்கொண்டது. முன்பு அப்படி ஒருபோதும் மூடியதில்லை. அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பதே என் வேலை என்பதால், “மாமா, கொஞ்சம் பாருங்க” என்று என்னிடம் கொண்டு வந்தான்.

முதலில் அந்தப் படத்தின் மங்கலைப் பார்த்தேன். 1366க்கு 768 என்ற அளவுள்ள திரையில் கேமின் ரெசல்யூஷனை 800க்கு 600 ஆகக் குறைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பத்து லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகளை வரைய வேண்டிய கிராபிக்ஸ், இப்போது 4,80,000 புள்ளிகளை மட்டும் வரைகிறது. எண் உயர்ந்ததன் ரகசியம் அவ்வளவுதான். ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறைக்குள் ஜிடிஏ 5 தன் செட்டிங்ஸை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைத்திருக்கும். அந்தக் கோப்பில் நிழல், புல், தொலைதூரக் காட்சி ஆகியவற்றின் மதிப்புகளைக் குறைத்துவிட்டு, கேம் அவற்றை மாற்றி எழுத முடியாதபடி ‘ரீட் ஒன்லி’ ஆக்கி வைத்திருந்தார்கள். எவரும் நோட்பேடில் சில நிமிடங்களில் செய்துகொள்ளக்கூடிய இந்த மாற்றம்தான் 3,500 ரூபாய்க்கு விற்கப்பட்ட ‘மோட் பேக்’கின் பெரும்பகுதி. அதன் மேல், நிறங்கள் பளிச்சென்று தெரிவதற்காக ரீஷேட் என்ற இலவச மென்பொருளின் வடிகட்டி ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். வரைந்து முடித்த ஒவ்வொரு ஃப்ரேமையும் மறுபடி செயலாக்குவது ரீஷேடின் வேலை, ஆகவே அது கிராபிக்ஸின் சுமையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. வலுவில்லாத கணினியில் வேகத்துக்காக அதைப் போடுகிறவர்களுக்குத் தாங்கள் செய்வது என்னவென்று தெரியவில்லை, அல்லது வாடிக்கையாளருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

கிராபிக்ஸ் நினைவகத்தை 128 எம்பியிலிருந்து 512 எம்பியாக ‘ஏற்றிவிட்டோம்’ என்றும் சொல்லியிருந்தார்கள். இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கேட்டுத்தான் மயங்குகிறார்கள். எச்டி 620 போன்ற உள்ளமைந்த கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் எதுவும் கிடையாது. கணினியின் ராமிலிருந்தே தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் தன் உள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், இன்டெல் பகுதிக்குக் கீழ் ஒரு மதிப்பை எழுதினால், ‘என்னிடம் 512 எம்பி இருக்கிறது’ என்று கேமிடம் சொல்லும் எண் மட்டும் மாறுகிறது. போதிய நினைவகம் இல்லை என்று திறக்க மறுக்கும் சில பழைய கேம்கள் அதனால் திறக்கக்கூடும். வேகம் ஒரு ஃப்ரேம்கூட உயராது.

கேம் திடீரென்று மூடிக்கொண்டதற்கான காரணமும் கிடைத்தது. ராம் நிறைந்துவிட்டால் வட்டில் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்த விண்டோஸ் வைத்திருக்கும் ‘பேஜ் ஃபைலை’ அணைத்துவிட்டிருந்தார்கள். 4 ஜிபி ராம் மட்டுமே உள்ள கணினியில், அதிலும் கிராபிக்ஸும் அதே ராமிலிருந்து பங்கு கேட்கும் நிலையில், இப்படிச் செய்தால் நினைவகம் தீர்ந்த கணத்தில் கேம் நின்றுபோகாமல் வேறு என்ன செய்யும்? இது தெரியாமல் செய்த பிழை என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்து நான் கண்டதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரவில், எந்தச் செயலியும் திறந்திராத நேரத்தில், மடிக்கணினியின் விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. அடிப்பகுதியில் கை வைக்க முடியாத சூடு. என்ன ஓடுகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் சத்தம் தணிந்தது. பட்டியலில் சந்தேகப்படும்படியாக எதுவும் தெரியவில்லை. அதை மூடிவிட்டுக் காத்திருந்தபோது விசிறி மீண்டும் இரையத் தொடங்கியது. டாஸ்க் மேனேஜர் திறக்கப்படுவதைக் கவனித்துத் தன்னை நிறுத்திக்கொள்வது, பிறருடைய கணினியில் திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரல்களின் பழக்கம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பார்த்தால், நேரடிப் பாதுகாப்பு அணைக்கப்பட்டிருந்தது. அதோடு, ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பகுதியில் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது, விண்டோஸும் அவனுடைய கோப்புகளும் இருக்கும் அந்த வட்டு முழுவதையும் சோதிக்கவே கூடாது என்று பாதுகாப்பு மென்பொருளுக்குக் கட்டளை இடப்பட்டிருந்தது. அதை நீக்கி, விண்டோஸுடனேயே வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டியதும், கணினி திறக்கும்போதே தானும் தொடங்கும்படி வைக்கப்பட்டிருந்த ‘பூஸ்டர்’ என்ற நிரலை ‘காயின் மைனர்’ வகைத் தீநிரல் என்று அது அடையாளம் காட்டியது. வேகத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கொடுத்த கணினியின் வேகத்தையே களவாடும் நிரல் அது. மின்கட்டணம் என் அக்கா வீட்டுக்கு, வருமானம் முகம் தெரியாத யாருக்கோ.

கடைக்கு நேரில் போனேன். குரலை உயர்த்தாமல், எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்களைக் காட்டிக் கேட்டேன். “ஆன்டிவைரஸ் ஆன்ல இருந்தா கேம் ஸ்லோ ஆகும், எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம். சாஃப்ட்வேருக்கெல்லாம் பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது அண்ணாச்சி” என்றார் அதே தமிழர். மேலும் 1,500 ரூபாய் கொடுத்தால் ‘ஃபுல் வெர்ஷன்’ போட்டுத் தருவதாகவும் சொன்னார். ‘எல்லாருக்கும் இப்படித்தான்’ என்ற சொல்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த எல்லாரும் யாருடைய பிள்ளைகள்?

மோட் என்பதே மோசடி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மின்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கு சோடியம் என்றொரு மோட் இருக்கிறது. காட்சியை வரையும் முறையையே திறமையாக மாற்றி எழுதியிருப்பதால், பழைய கணினிகளிலும் வேகம் கண்கூடாகக் கூடுகிறது. ஸ்கைரிம் போன்ற கேம்களுக்கு டெக்ஸ்ச்சர்களின், அதாவது பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களின், அளவைக் குறைத்துத் தரும் மோட்கள் உண்டு. கிராபிக்ஸ் நினைவகம் பற்றாமல் திணறும் கணினிக்கு அவை உதவும், பிராசசர் திணறும் கணினிக்கு உதவா. ஏஎம்டி நிறுவனம் 2021இல் கொண்டு வந்த எஃப்எஸ்ஆர் தொழில்நுட்பம், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிறது. 2021இல் வந்த அந்தப் பதிப்பு வேறு நிறுவனங்களின் கிராபிக்ஸிலும் இயங்கும். அதை ஏற்கும் கேம்களின் செட்டிங்ஸிலேயே அது இருக்கிறது. இவற்றில் எதற்கும் கடையில் காசு கொடுக்கத் தேவையில்லை. ஜிடிஏவை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனமும், ஒற்றை ஆட்டக்காரர் பகுதிக்கான, வணிக நோக்கமற்ற மோட்களுக்குத்தான் தாங்கள் பொதுவாக இடையூறு செய்வதில்லை என்று 2017இல் அறிவித்திருக்கிறது. மோட் போட்ட கேமுடன் ஆன்லைனில் நுழைந்தால் கணக்கே முடக்கப்படலாம் என்பதையும் அந்தக் கடையில் யாரும் சொல்லவில்லை.

இலவச மோட்களிலும் எச்சரிக்கை வேண்டும். 2023 ஜூனில், மின்கிராஃப்ட் மோட்களைப் பெறப் பல லட்சம் பேர் பயன்படுத்தும் கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் தளங்களிலேயே ‘ஃப்ராக்சரைசர்’ என்ற தீநிரல் புகுந்தது. பிரௌசரில் சேமித்திருந்த உள்நுழைவு விவரங்களையும் டிஸ்கார்ட், மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் அடையாளங்களையும் அது திருடியது. பெயர் பெற்ற தளத்துக்கே அந்த நிலை வந்தது என்றால், யாரோ பென் டிரைவில் கொண்டு வந்து போடும் ‘பேக்’கை எப்படி நம்புவது? எந்த மோடாக இருந்தாலும் சரி, பாதுகாப்பு மென்பொருளை அணைத்துவிட்டு நிறுவச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

பிறகு நாங்கள் செய்தவை எளியவை. அவனுடைய பாடக்கோப்புகளை மட்டும் சோதித்து எடுத்துக்கொண்டு, வட்டை முழுவதும் அழித்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். விசிறியில் அடைந்திருந்த தூசியை எடுத்து, பிராசசர் மேல் காய்ந்து போயிருந்த, சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றினேன்; சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் இதன் பயன் பெரிது. காலியாக இருந்த இரண்டாவது இடத்தில், அதே வேகமுள்ள இன்னொரு 4 ஜிபி ராமைப் போட்டோம். உள்ளமைந்த கிராபிக்ஸ் ராமையே நம்பி இருப்பதால், இரண்டு ராம்கள் இணைந்து ‘டூயல் சேனல்’ முறையில் ஓடும்போது அதற்கு நன்றாகவே மூச்சு விட முடிகிறது. சில மடிக்கணினிகளில் இரண்டாவது இடம் இருக்காது, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்த பழைய ராமின் விலை, மோட் பேக்குக்குக் கொடுத்த பணத்தைவிடக் குறைவாகவே இருந்தது. இப்போது 1280க்கு 720 ரெசல்யூஷனில், நிழலையும் புல்லையும் குறைத்து வைத்து ஆடினால், நகரத்துக்குள்ளும் ஏறக்குறைய 30 எஃப்பிஎஸ் நிலையாகக் கிடைக்கிறது. அறுபது வராது. அந்தக் கணினியில் அறுபது தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ பரிவர்த்தனை எண், கடைக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், ஸ்கேன் முடிவின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். தீநிரல் நிறுவப்பட்டது குறித்து cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுத்தாயிற்று. பணம் இதுவரை திரும்ப வரவில்லை. வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930ஐ அழைக்க வேண்டும்; நல்ல வேளையாக எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

இதே போன்ற கடைகளில் ஏற்கெனவே கணினியைக் கொடுத்து வாங்கியவர்கள் இன்றே ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ செட்டிங்ஸுக்குள் போனால், கடைசியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ இருக்கும். அங்கே நீங்கள் சேர்க்காத கோப்புறையோ, சி டிரைவ் முழுவதுமோ தென்பட்டால், முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். பிறகு அந்தக் கணினியைத் தொடாமல், வேறொரு கைபேசியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அதையடுத்து வங்கி, கேம் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸை மீண்டும் நிறுவும் வேலையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.